கோவளம் பக்கம் கரையிலேர்ந்து முதல் டைவ்: 11 நிமிஷம், ஒரு ஃபின் (கால் துடுப்பு) காலி. எங்க தப்பு பண்ணோம்?

லேத்துக்காரன், அம்பத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு வயசு 41. அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு லேத் பட்டறை. நீச்சல் ஊர்க் கிணத்துல கத்துக்கிட்டது. போன டிசம்பர்ல குடும்பத்தோட அந்தமான் போனப்ப, மத்தவங்க எல்லாம் கடற்கரையில இளநி குடிச்சுக்கிட்டு இருக்க, நானும் மச்சானும் (வீட்டுக்காரி தம்பி) ஹேவ்லாக்ல ஓபன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்ல முதல் படி) முடிச்சோம். கோர்ஸ்ல 4 டைவ், அப்புறம் ஆசைக்கு 2. ஆக மொத்தம் 6. அதுல முதல் ரெண்டும் பீச் நம்பர் 2ல, நீமோ ரீஃப்ல, கரையிலேர்ந்தே இறங்கினது. கோயில் குளத்துல படி இறங்கற மாதிரி இருந்துச்சு. முழங்கால், இடுப்பு, நெஞ்சு, அப்புறம் மீனு. அவ்ளோதான்.

அந்த நினைப்புலதான் சென்னையிலயும் இறங்கினோம்.

தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா ரெண்டு 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், ரெகுலேட்டர் (வாயில வெச்சு மூச்சு விடற கருவி), பிசிடி (காத்து ஏத்தி மிதக்கற ஜாக்கெட்) எல்லாம் வாடகைக்குக் கிடைச்சுது. கொடுத்தவரு சொன்னாரு: “படகுல போங்க சார், இங்க யாரும் கரையிலேர்ந்து போறதில்ல.” படகுக்குத் தனியா காசு கேக்கறதுக்காகச் சொல்றாருன்னு நினைச்சேன். அது என் கணக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில 6 மணி. கோவளத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஒரு குப்பத்தை ஒட்டின மணல். பிப்ரவரி மாசம், காத்து கம்மி. பாத்தா ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைஞ்சுக்கிட்டு இருக்கு, நடுவுல ஒரு முப்பது நாப்பது அடி அகலத்துக்கு மட்டும் அலையே இல்ல. தண்ணி லேசா மண் கலர்ல நெளியுது. “மாமா, இதுதான் வாசல்”னான் மச்சான். நானும் ஆமாம்னேன்.

இடுப்பளவு தண்ணியில அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு ஃபின் மாட்டினேன். இடது கால் மாட்டியாச்சு. வலது கால் மாட்டி வாரை இழுக்கறதுக்குள்ள ஒரு அலை வந்து அடிச்சுது பாருங்க, சிலிண்டர் என்னை மல்லாக்கத் தள்ளி, கவுந்த கரப்பான்பூச்சி மாதிரி ஆயிட்டேன். நெத்தியில ஏத்தி வெச்சிருந்த மாஸ்க் போய் மச்சானோட பிசிடி வாருல தொங்குது. அது அதிர்ஷ்டம். வலது ஃபின் போனது போனதுதான்.

ஒத்தை ஃபின்னோடயே போனோம். (அப்பவே திரும்பியிருக்கணும்னு எழுத வேணாம், தெரியும்.) கரையிலேர்ந்து நாங்க நீந்தவே தேவையில்லாத மாதிரி தண்ணியே வெளிய இழுத்துக்கிட்டுப் போச்சு. அதையும் அப்ப நல்ல சகுனம்னு நினைச்சேன்.

கீழ இறங்கறதுக்கு முன்னாடி கேஜ் (சிலிண்டர்ல இருக்கற காத்தோட அழுத்தம் காட்டறது) பாத்தேன்: 200ல ஆரம்பிச்சது 140. சுமார் 12 நிமிஷத்துல 60 பார். 11 லிட்டர் சிலிண்டருக்கு 660 லிட்டர் காத்து, அதாவது நிமிஷத்துக்கு 55 லிட்டர். பட்டறையில கம்ப்ரசர் வெச்சிருக்கவனுக்கு இந்தக் கணக்கு தானா மண்டையில ஓடும். ஹேவ்லாக்ல நான் நிமிஷத்துக்கு 22 லிட்டர்தான் இழுத்தேன்.

கீழ 4.8 மீட்டர். கையை நீட்டினா விரல் மங்கலாத் தெரியுது. மச்சான் இருக்கானா இல்லையான்னு அவன் விடற குமிழி சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். மணல்ல வரி வரியா அலைக்கோடு, ஒரு நண்டு, ஒரு துண்டு வலை. வேற ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குப் பிடிச்சுது, அது வேற விஷயம்.

வெயிட் (மிதக்காம இறங்கறதுக்குக் கட்டற ஈயம்) 8 கிலோ கட்டியிருந்தேன். ஹேவ்லாக்ல 5 கிலோதான். அலையில நிக்கணுமே, கனமா இருந்தா ஆடாம நிப்போம்னு மூணு கிலோ கூடப் போட்டேன். அதனால அடியில மணல்ல உக்காந்துக்கிட்டே போனேன். கொஞ்சம் மேல எழும்பலாம்னு பிசிடி பட்டனை ஒரு தட்டு தட்டினேன். அமுங்கின பட்டன் திரும்பி வரல. புஸ்ஸுனு காத்து ஏறிக்கிட்டே இருக்கு. மணல் மாட்டியிருக்கு. ரெண்டு செகண்டுல நான் மேல கிளம்பிட்டேன். கோர்ஸ்ல சொன்னது அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சு, “ஆ”ன்னு கத்திக்கிட்டே மூச்சை வெளிய விட்டேன். மேல வந்து பிசிடிக்குக் காத்து வர்ற ஹோஸைப் பிடுங்கினதும்தான் நின்னுச்சு.

மச்சான் ஒரு நிமிஷம் கீழ தேடிட்டு மேல வந்தான். எனக்கு ஒரு முப்பது மீட்டர் வடக்கே. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஃபைபர் படகு. அதுல இருந்த பெரியவரு எங்க குலத்தையே இழுத்துத் திட்டினாரு. அதை இங்க எழுத முடியாது. சுருக்கம் என்னன்னா, ஒரு கொடியோ மிதவையோ இல்லாம தலையைத் தூக்கினா மோட்டார் விசிறிக்கு அது தலையா தேங்காயான்னு தெரியாதாம்.

கரை ஏறும்போது எழுந்து நின்னேன். பின்னாடி வந்த அலை படுக்க வெச்சுது. மறுபடி நின்னேன். மறுபடி. மூணாவது தடவை சிலிண்டர் வால்வு பின்மண்டையில பட்டுச்சு. அதுக்கப்புறம் தவழ்ந்தே வந்தேன். பைகளை வெச்ச இடத்துலேர்ந்து நானூறு மீட்டர் வடக்கே ஏறியிருக்கோம். கேஜ்ல 60. முட்டி ரெண்டும் தேஞ்சிருக்கு. ஃபின்னுக்கு 3,500 ரூபா கட்டினேன்.

இப்ப கேள்வி.

ஒண்ணு, இது முட்டாள்தனமா, இல்ல கத்துக்கிட்டா செய்யக்கூடிய வேலையா? ரெண்டு, வெயிட் எவ்வளவு? மூணு, அந்த பட்டனை நானே கழட்டி சுத்தம் பண்ணலாமா? ஓ-ரிங் மாத்தறது எனக்குத் தினசரி வேலை. ரெகுலேட்டரோட முதல் ஸ்டேஜையும் (சிலிண்டர் வால்வுல மாட்டற பகுதி) ஒரு பார்வை பாக்கலாம்னு கை அரிக்குது.

வீட்டுல இன்னும் முழுக் கதையும் சொல்லல. “கால் வழுக்கிடுச்சு”ன்னு சொல்லியிருக்கேன்.


பாண்டி பஸ்

சென்னையில கரை டைவா? ஈசிஆர்ல நேரா ஓட்டுங்க, பாண்டிச்சேரி வரும். படகுல ஏறுங்க. முடிஞ்சுது.


அடையாறு ஆமை

படகுல போறது நல்ல யோசனைதான், ஆனா அவர் கேட்டது அது இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நான் 2011லேர்ந்து டைவ் பண்றேன். சென்னையில கரையிலேர்ந்து இறங்கினது இருபது தடவைக்கு மேல இருக்கும். கரை வரைக்கும் போய், பாத்துட்டு, இறங்காமலே திரும்பினது அதை விட அதிகம்.

முதல்ல நல்லது. மூச்சை வெளிய விட்டுக்கிட்டே மேல வந்தீங்க பாருங்க, அதுக்காக உங்க பயிற்சியாளருக்கு ஒரு கிலோ ஸ்வீட் வாங்கி அனுப்பலாம். 4.8 மீட்டர்தானேன்னு தோணும். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கணக்குல அங்க அழுத்தம் கிட்டத்தட்ட 1.5. அங்கேர்ந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல்ல இருக்கற காத்து ஒண்ணரை மடங்கு விரியும். ரெண்டு மீட்டர் ஆழத்துலகூட இதனால நுரையீரல் கிழிஞ்சிருக்கு. அதே காரணத்துக்காகத்தான், அலை உடையற இடத்துல தலைக்கு மேல ஒவ்வொரு அலையும் ஏறி இறங்கறப்பவும் மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும். பயத்துல மூச்சை அடக்கறது உடம்போட பழக்கம். அந்தப் பழக்கத்தை மாத்தறதுதான் பாதி வேலை.

ஆழம் கம்மின்னா சுலபம்னு எல்லாரும் நினைக்கறாங்க. தலைகீழ். காத்தோட அளவு வேகமா மாறறது மேல இருக்கற அந்தப் பத்து மீட்டருக்குள்ளதான். 18 மீட்டர்ல அசையாம நிக்கறவங்க 4 மீட்டர்ல பந்து மாதிரி ஏறி இறங்கறதை நிறையப் பாத்திருக்கேன்.

இப்ப வெயிட். 8 கிலோ உங்களைக் காப்பாத்தாது, கவுக்கும். அலையில கனமா நிக்கறவர் விழுந்தா எழுந்திருக்க மாட்டார். அதோட, கனம் கூடினதாலதான் பிசிடியில காத்து ஏத்த வேண்டி வந்துது. ஏத்தினதாலதான் பட்டன் மாட்டினது. மூணு கிலோ ஈயம் உங்களை எங்க கொண்டு போய் விட்டுதுன்னு பாருங்க. ஹேவ்லாக்கும் உப்புத் தண்ணி, இதுவும் உப்புத் தண்ணி, அதே 3 மில்லிமீட்டர் சூட்னா அதே 5 கிலோவிலேர்ந்து தொடங்குங்க. சோதனை: அலைக்கு அப்பால, ரெகுலேட்டர் வாயில, பிசிடி காலி, சாதாரணமா ஒரு மூச்சு பிடிச்சா தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா நிக்கணும். வெளிய விட்டா மெதுவா இறங்கணும். இதை 50 பார் இருக்கற சிலிண்டரோட பாக்கறது நல்லது. நிறைஞ்ச 11 லிட்டர் சிலிண்டருக்குள்ள இருக்கற காத்தே இரண்டரை கிலோவுக்கு மேல. அது தீரத் தீர நீங்க லேசாவீங்க. நிறைஞ்ச சிலிண்டரோட பாத்தா ரெண்டு கிலோ கூட வேணும்னு கணக்கு வெச்சுக்குங்க.

ஃபின். இடுப்பளவு தண்ணியிலதான் அலையோட முழு பலமும் இருக்கு. அங்க ஒத்தைக் கால்ல நிக்கறது, ஓடற பஸ்ல படிக்கட்டுல நின்னு ஷூ கட்டற மாதிரி. நம்ம கரை சரிவா இறங்கும், அலை ஒரே இடத்துல மொத்தமா விழும். அதனால கணுக்கால் தண்ணியிலயே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு மாட்டிக்கிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேல திரும்பிப் பாத்துக்கிட்டே காலை மணல்ல தேச்சுத் தேச்சுப் பின்னால போங்க. தேச்சுப் போனா அடியில திருக்கை இருந்தா அதுவும் நகர்ந்துடும். மாஸ்க் முகத்துல, ரெகுலேட்டர் வாயில, பிசிடியில பாதிக் காத்து. மாஸ்க்கை நெத்தியில ஏத்தற பழக்கத்தை இன்னியோட விடுங்க. தொடை அளவு வந்ததும் நடக்காதீங்க. படுத்து நீந்துங்க.

அலையைத் தாண்டி மிதக்கற இடத்துக்கு வந்ததும் உடனே இறங்கக் கூடாது. பிசிடி பட்டனைத் தண்ணிக்குள்ள ஆட்டி, ஏத்தறது இறக்கறது ரெண்டையும் நாலஞ்சு தடவை அழுத்திப் பாருங்க. கரகரன்னு இருந்தா மணல். அன்னிக்கு டைவ் இல்ல. கீழ மாட்டிக்கிட்டா ஒரு கை ஹோஸைக் கழட்டணும், இன்னொரு கை காத்தை இறக்கற கயிறை இழுக்கணும். கண்ணை மூடிக்கிட்டு வீட்டுக் கட்டில்ல உக்காந்து ஐம்பது தடவை பழகுங்க. வீட்டுல சிரிப்பாங்க.

திரும்பறப்ப: அலைக்குள்ள நுழையறப்ப கேஜ்ல 70 பாருக்குக் குறையாம இருக்கணும். வெளிய மிதந்துக்கிட்டே கொஞ்ச நேரம் அலையை எண்ணுங்க. பெரிசா மூணு நாலு சேந்து வரும், அப்புறம் சின்னதா வரும். கடைசிப் பெரிய அலை போனதும் அது பின்னாடியே போங்க. வயிறு மணல்ல தட்டினதும் கையும் முட்டியும் ஊனித் தவழுங்க. ஈர மணலைத் தாண்டற வரைக்கும் எழுந்து நிக்கக் கூடாது. மரியாதை எல்லாம் பாக்காதீங்க, அங்க யாரும் போட்டோ எடுக்கல.

மூணாவது கேள்விக்கு ஒரே வார்த்தை: தொடாதீங்க. லேத்துல நீங்க எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் முதல் ஸ்டேஜைத் திறக்காதீங்க, அதுவும் வாடகைச் சாமானை. எந்த கிரீஸ், எந்த ஓ-ரிங், நடு அழுத்தம் (முதல் ஸ்டேஜ்லேர்ந்து வெளிய வர்ற அழுத்தம்) எவ்வளவுன்னு அந்தந்தக் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருக்கு. நல்ல தண்ணியில ஊற வைங்க, முதல் ஸ்டேஜ் மூடி இறுக்கமா இருக்கணும், ஊறும்போது ரெகுலேட்டர் பர்ஜ் பட்டனை (வாய்ப்பக்கம் காத்தைத் தள்ளி விடறது) அழுத்தக் கூடாது. அழுத்தினா தண்ணி உள்ள போயிடும். பிசிடிக்குள்ளயும் நல்ல தண்ணி விட்டு ஆட்டி ஊத்துங்க, எவ்வளவு மணல் வருதுன்னு பாருங்க. கொடுத்தவர்கிட்ட பட்டன் மாட்டினதை கட்டாயம் சொல்லுங்க. அடுத்து அதைப் போடறவர் 18 மீட்டர்ல இருப்பார்.

கடைசியா ஒண்ணு. பெசன்ட் நகர் கடற்கரையில வெள்ளையா நிக்குதே, ஷ்மிட் நினைவுச் சின்னம், அதை சினிமா எடுக்கற இடம்னே பாதிப் பேர் நினைக்கறாங்க. 1930ல அலையில மாட்டினவங்களைக் காப்பாத்தப் போய் மூழ்கின டென்மார்க்காரர் ஒருத்தரோட நினைவுக்குக் கட்டினது. அவர் கடல் தெரியாதவர் இல்ல. உங்க முதல் கேள்விக்கு என் பதில்: கத்துக்கலாம், ஆனா ரெண்டு புதுசும் தனியாப் போய்க் கத்துக்கற வேலை இல்ல.


கரைவலை

ஆமை அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு விட்டுட்டாங்க. அண்ணே, அந்த “வாசல்” பத்தி.

நான் ஐடி கம்பெனிதான், ஆனா பொறந்தது குப்பத்துல. எங்கப்பா இன்னும் கடலுக்குப் போறாரு. நீங்க எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். “அலை ஒடையாத எடத்துல எறங்கினானா?”ன்னு கேட்டுட்டு சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு சிரிச்சாரு.

அலை கரையில ஏத்தின தண்ணி எங்கியாவது திரும்பிப் போவணும் இல்ல? அது போற வாய்தான் அது. மணல் திட்டு அறுந்து அந்த எடம் ஆழமா இருக்கும், அதான் அலை ஒடையல. மண் கலர்ல இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கரை மண்ணை இழுத்துக்கினு போவுது, அதான் கலரு. மெரினாவுலயும் பெசன்ட் நகர்லயும் வருஷா வருஷம் பசங்க போறது இதுலதான். அமைதியா இருக்கேன்னு அங்கதான் எறங்குவாங்க.

படகு தள்றவங்க அந்த வாயைப் பாத்துத்தான் தள்ளுவாங்க, அது வேற. போறதுக்கு அது வழி. ஆனா அது வழியா திரும்பி வர முடியாது. எதிர்த்து நீந்தினா கை ஓஞ்சுடும், காத்து தீந்துடும். பக்கவாட்டுல, கரைக்கு இணையா நீந்தி, வெள்ளையா ஒடையற எடத்துக்கு வந்து, அலையோட ஏறணும்.

அடுத்தது நீங்க நானூறு மீட்டர் வடக்கே ஏறினது. அது தெண்டி. தெக்கேர்ந்து வடக்கே போற வெள்ளத்துக்கு, அதாவது கடல் நீரோட்டத்துக்கு, எங்க ஆளுங்க தெண்டின்னு சொல்வாங்க. வடக்கேர்ந்து தெக்கே போறது வன்னி. கார்த்திகை மார்கழியில வன்னி, மாசி பொறக்கற நேரத்துக்குத் தெண்டி எடுக்கும். எறங்கறதுக்கு முன்னாடி ஒரு குச்சியையோ தேங்கா மட்டையையோ தண்ணியில போட்டு எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. எதிர்ப்பக்கமா தொடங்குங்க, வர்றப்ப வெள்ளமே உங்களை பையாண்ட கொண்டாந்து விடும்.

மழை பேஞ்சு ஒரு வாரத்துக்கு முகத்துவாரம் பக்கமே போவாதீங்க. அடையாறு, கூவம் ரெண்டும் என்ன கொண்டாருதுன்னு சொல்லித் தெரிய வேணாம்.

வலை. நீங்க பாத்த துண்டு என்ன கலரு? நரம்பு வலையா இருந்தா தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது, சிலிண்டர் வால்வுல மாட்டும். கத்தி வேணாம், சின்னதா கத்திரிக்கோல் வெச்சுக்குங்க. இழுக்காதீங்க, திரும்பாதீங்க, நின்ன எடத்துலயே நின்னு ஜோடியை வெட்டச் சொல்லுங்க. ஆனா யாராவது கட்டி வெச்ச வலைன்னா கையே வெக்காதீங்க, அது ஒருத்தரோட சோறு.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், படகு வராதுன்னு சில டைவ் ஆளுங்க நம்பறாங்க. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகு ஓடிக்கினேதான் இருக்கும். மேல ஒரு ஆரஞ்சு மிதவை கட்டாம எறங்காதீங்க. எறங்கறதுக்கு முன்னாடி கரையில வலை பின்னிக்கினு இருக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க. “அண்ணே, இங்க ரெண்டு பேரு அடியில இருக்கோம்.” அவ்ளோதான். எந்த ஃபோர்காஸ்டும் சொல்லாததை அவரு சொல்வாரு.

திட்டினவரு எங்க மாமாவா இருக்கலாம். விசாரிக்கறேன்.


நீலாங்கரை மீன்கொத்தி

எனக்கும் 9 டைவ்தான் ஆகுது, பெரிய ஆள் இல்ல. ஒரு விஷயம் மட்டும். இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற அரசு அமைப்பு) தளத்துல அலை உயரம் மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க, ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுன்னும் பாருங்க. நான் ஒருநாள் “அரை மீட்டர் அலை, ஜம்முனு இருக்கும்”னு போனேன். செகண்டு 13னு போட்டிருந்தது, கவனிக்கல. தூரத்துலேர்ந்து வர்ற நீள அலை. வெளிய பாத்தா தூங்கற மாதிரி இருக்கும், கரையில வந்து நிமிர்ந்து விழும். என் ஸ்னார்க்கல் இன்னும் அங்கதான் இருக்கு.

அப்புறம் போன்ல 1554 (கடலோரக் காவல் படை), 108 ரெண்டும் கரையில இருக்கறவர்கிட்ட எழுதிக் கொடுங்க. கரையில இருக்கறவர்னு ஒருத்தர் இருக்கணும், அதான் முக்கியம்.


பாண்டி பஸ்

இவ்வளவும் பண்ணி கடைசியில பாக்கப் போறது ஒரு நண்டு. ஏன் இந்தப் பாடு?


லேத்துக்காரன், அம்பத்தூர்

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போடாததுக்குக் காரணம், போட எதுவும் இல்ல. இப்ப இருக்கு. மூணு ஞாயிறு ஆச்சு.

பிசிடியைத் திறக்கல. தண்ணி விட்டு ஆட்டி ஊத்தினேன், ஒரு டம்ளர்ல பாதி மணல் வந்துது. எடுத்துக்கிட்டுப் போய் கொடுத்தவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். பட்டனை மாத்தினாரு. “படகுல போங்கன்னு சொன்னேனே சார்”னு மட்டும் சொன்னாரு, குத்திக்காட்டல. படகுக் காசு பத்தி நான் நினைச்சது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

முதல் ஞாயிறு சிலிண்டர் இல்லாமப் போனோம். மாஸ்க், ஃபின் மட்டும். கணுக்கால் தண்ணியில மாட்டறது, பின்னால நடக்கறது, படுக்கறது, வெளிய போறது, திரும்பித் தவழறது. ஆறு தடவை. ரெண்டு தடவை கவுந்தோம். சிலிண்டர் இல்லாம கவுந்தா சிரிப்புதான் வருது.

ரெண்டாவது ஞாயிறு எல்லாம் கட்டிக்கிட்டுப் போனோம். ஆமை அக்கா வந்திருந்தாங்க (அவங்களே தனியா செய்தி அனுப்பி, “உங்களை நம்பி விட முடியாது”ன்னாங்க). வந்ததும் ஒண்ணும் பேசாம மணல்ல உக்காந்துட்டாங்க. பதினைஞ்சு நிமிஷம். நானும் மச்சானும் சூட்டுக்குள்ள வேர்த்துக்கிட்டு நிக்கறோம். அப்புறம் எழுந்து மணலைத் தட்டிக்கிட்டு, “டிபன் சாப்பிடப் போலாம்”னாங்க. அவ்ளோதான். கழட்டி வண்டியில போட்டோம். மச்சானுக்குக் கோவம். பொங்கல் வந்ததும் போயிடுச்சு.

மூணாவது ஞாயிறு இறங்கினோம். வலை பின்னிக்கிட்டு இருந்த அண்ணன்கிட்ட சொன்னோம். அவரு எழுந்து வந்து பாத்துட்டு, நாங்க நின்ன இடத்துலேர்ந்து அம்பது அடி தள்ளி விரலைக் காட்டினாரு. காரணம் கேட்டேன். “அங்கதான்”னாரு. குச்சி போட்டுப் பாத்தோம், வடக்கே போச்சு. அதனால தெக்கே பாத்துப் போனோம். வெயிட் 5 கிலோ. வெளிய மிதந்து சோதனை பண்ணினா தண்ணி சரியாக் கண்ணுக்கு நேரா நின்னுச்சு. லேத்துல பத்து மைக்ரான் சரியா உக்கார்ற மாதிரி ஒரு சந்தோஷம்.

கீழ இறங்கறப்ப கேஜ்ல 180. போன தடவை இதே இடத்துக்கு 140.

5.3 மீட்டர், 22 நிமிஷம். தண்ணி கொஞ்சம் தெளிவு, ஒரு ரெண்டு மீட்டர் தெரிஞ்சுது. மணல்ல அந்த அலைக்கோடு எல்லாம் கரைக்கு இணையாத்தான் ஓடுதுன்னு அக்கா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. குறுக்கே வெட்டிக்கிட்டுப் போனா கடலுக்கோ கரைக்கோ போறோம், கோட்டோட போனா கரையோரமா போறோம். காம்பஸ் பாத்துச் சரிபார்த்துக்கலாம். அம்பத்தூர்ல தெருவை இப்படிப் போட்டிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

பாண்டி பஸ் கேட்டாரு, ஏன் இந்தப் பாடுன்னு. சொல்றேன். பத்தாவது நிமிஷம் மாதிரி மச்சான் என் கையைப் பிடிச்சு நிறுத்தினான். எதிர்ல மணல்தான். வெறும் மணல். ரெண்டு பேரும் அசையாம மிதந்தோம். அப்புறம் பாத்தா மணல்ல ரெண்டு கண்ணு. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை, அது திறந்து திறந்து மூடுது, மூடறப்ப ரெண்டு மூணு மணல் எழும்பி எழும்பி உக்காருது. மூச்சு விடுது. திருக்கை. ஒரு தட்டு அகலம்தான் இருக்கும். நாங்க எங்க மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தோம், அது அதோட மூச்சை விட்டுக்கிட்டு இருந்துச்சு. ஹேவ்லாக்ல கலர் கலரா பாத்தது எதுவும் எனக்கு இப்படி ஞாபகம் இல்ல. அங்க எல்லாத்தையும் பயிற்சியாளர் விரல் நீட்டிக் காட்டினாரு. இதை மச்சான் கண்டுபிடிச்சான்.

வெளிய வர்றப்ப 110. அலைக்கு வெளிய நின்னு எண்ணினோம். கடைசிப் பெரிய அலைக்குப் பின்னாடி போய் வயிறு தட்டினதும் தவழ்ந்தோம். காலையில நடக்க வந்த ஒரு தாத்தா நின்னு பாத்துட்டு, “தம்பி, என்ன தொலைச்சீங்க?”ன்னு கேட்டாரு.

வீட்டுல உண்மையைச் சொல்லிட்டேன், முட்டி ஆறினதுக்கப்புறம். ரெண்டு நாள் பேச்சு இல்ல. மூணாவது நாள் “அந்த மிதவை வெச்சிருக்கியா?”ன்னு மட்டும் கேட்டா.

ஒரு சின்னக் கேள்வி பாக்கி. மாஸ்க்ல ஆவி பிடிக்குது. எச்சில் போட்டுப் பாத்தேன், பத்து நிமிஷம்தான் தாங்குது. புது மாஸ்க். என்ன பண்ணலாம்?


அடையாறு ஆமை

புது மாஸ்க் கண்ணாடியில சிலிகான் படலம் ஒட்டியிருக்கும். சும்மா வெள்ளைப் பல் பசையை உள்பக்கம் தடவி விரலால நல்லாத் தேய்ங்க, ரெண்டு மூணு தடவை. கண்ணாடின்னா மட்டும். பிளாஸ்டிக்னா கீறிடும். அதுக்கப்புறம் எச்சில் தாங்கும்.

அடுத்த ஞாயிறு நான் ஊர்ல இல்ல. கரை சரியில்லன்னா டிபன் கடைக்குத் தனியாப் போய்க்குங்க.


கரைவலை

அண்ணே, திட்டினது எங்க மாமாவேதான். உங்களை நல்லா ஞாபகம் வெச்சிருக்காரு. போன வாரம் இஞ்சம்பாக்கம் பக்கம் ஒருத்தர் வலையில ஒரு கறுப்பு ஃபின் ஏறியிருக்காம். கேட்டு வாங்கி வெக்கட்டுமா? உங்களுது வலது காலா இடது காலா?


லேத்துக்காரன், அம்பத்தூர்

ஐயோ, வாங்கி வைங்க தம்பி. என் ஃபின்ல வலது இடது கிடையாது, ரெண்டு காலுக்கும் ஒண்ணுதான். பக்கிள் மஞ்சள் கலர்ல இருந்தா என்னுது. மாமாவுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டுச் சொல்லுங்க.